மைக் பெரியப்பாவும் மௌனத் தவளைகளும்

கார்காலம் கருணையோடு இறங்கி வந்திருந்தது. கருமேகங்கள் நீர் சுமந்த களைப்பில் தாழ்ந்து நின்றன. காலையில் பெய்த மழை இலைகளின் நுனியில் தங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, துளித்துளியாகக் குளத்தில் இறங்கியது. நீரில் ஒரு வட்டம் பிறந்தது, விரிந்தது, அடங்கியது. தாமரைகள் இதழ் குவிக்க, நாணல்கள் தலை தாழ்த்த, உலகமே கைகூப்பி நிற்பதுபோல் இருந்தது அந்த மாலை.

“ஹலோ! ஹலோ! மைக் டெஸ்டிங்! ஒன்... டூ... த்ரீ!”

நாணல் ஓரம் தவம் செய்துகொண்டிருந்த கொக்கு, பேருந்தைத் தவறவிட்டவரைப் போலப் பதறிப் பறந்தது.

தும்பி காதைப் பொத்திக்கொண்டாள். ஓரிடத்தில் நிற்காத பெண் என்பதால் தெருவே அவளுக்கு வைத்த பெயர் அது. மைக்கைப் பிடித்திருந்தவர் அவளுடைய பெரியப்பா. தெருச் சங்கத் தலைவர். பூனை தொலைந்தாலும் சரி, குழாயில் தண்ணீர் வந்தாலும் சரி, மைக்கில் சொன்னால்தான் அவருக்குச் சொன்னதாகும். வீட்டில் உப்புக் கேட்கும்போதுகூட, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று தொடங்குகிறார் என்பது பெரியம்மாவின் புகார்.

தும்பியின் அம்மாவுக்கு விசித்திரமான வேலை. குளங்களிலும் காடுகளிலும் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பார்த்து, அவற்றைக் காக்கப் பணம் தரும் பசுமை வங்கியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். “உங்கம்மா தவளைகளுக்கு வக்கீல்” என்பார் பெரியப்பா.

இன்று அந்த வங்கியின் அதிகாரி வருகிறார். தவளைகள் பல வகையாக வாழும் குளம் உயிருள்ள குளம். அவற்றின் குரலைக் கேட்டால், குளத்தைத் தூர்வாரிக் கரை கட்ட வங்கி பணம் தரும். கேட்காவிட்டால் குளத்தில் மண் கொட்டி, லாரிகள் நிற்கும் இடமாக்கிவிடுவார்கள். அந்தக் கவலையில் அம்மாவுக்குச் சில நாட்களாகச் சோறே இறங்கவில்லை.

“ஒரு நாற்காலி போட்டா போதும்னுதானே அத்தான் சொன்னேன்?” என்றாள் அம்மா.

“சும்மா இரும்மா! பேங்க்லேருந்து வர்றவங்களை மொட்டையாவா வரவேற்கிறது?”

எனவே பந்தல் இருந்தது. குழல்விளக்குகள் இருந்தன. ஆளுயர ஒலிபெருக்கிகள் இருந்தன. அத்தனைக்கும் மின்சாரம் தர, ஒரு ஜெனரேட்டர் கரையில் உட்கார்ந்து ‘டமடம’ என்று இருமிக்கொண்டிருந்தது.

அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, கையில் குடை, வாயில் அளந்தெடுத்த சொற்கள்.

“தவளை எங்கே?”

அனைவரும் குளத்தைப் பார்த்தனர். குளமும் அவர்களைப் பார்த்தது. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

“நேத்துக்கூட காதைக் கிழிச்சுச்சு மேடம். போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன்” என்றாள் அம்மா.

“பதிவு எந்தக் குளத்துலயும் பண்ணலாம். நான் என் காதால கேக்கணும்.”

பெரியப்பா பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார். “அன்பான தவளைகளே! வெட்கப்படாதீங்க! இது நம்ம வீட்டு விசேஷம் மாதிரி. ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க!”

பதில் இல்லை. பெரியப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கை நெருங்கி, “க்ர்ர்ராக்! க்ர்ர்ராக்!” என்றார். ஒலிபெருக்கிகள் அதை எட்டுத் திக்கும் அனுப்பின. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அதிகாரி முகம் மாறாமல் கேட்டார்: “இது எந்த வகை?”

“இது... எங்க அத்தான், மேடம்.”

அதிகாரி கைப்பையை மூடினார். “இருட்டுறதுக்குள்ள நான் கிளம்பணும்.”

அம்மாவின் கண்கள் நிறைந்தன. ‘எல்லாம் உங்களாலதான் பெரியப்பா!’ என்ற சொற்கள் தும்பியின் தொண்டைவரை வந்துவிட்டன. ஆனால் பெரியப்பா மைக்கை இறக்கிவிட்டு, குளத்தையே கெஞ்சுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், குளத்தைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும்! வந்த சொற்களை அவள் அப்படியே விழுங்கினாள்.

அப்போது பள்ளியின் காலை இறைவணக்கம் நினைவுக்கு வந்தது. எல்லாரும் கண்மூடி மௌனமாக நிற்கும்போதுதான் மரத்து அணிலின் கீச்சொலி கேட்கும். மின்விசிறியின் முனகல் கேட்கும். பக்கத்தில் நிற்பவளின் வயிறு பசியில் உறுமுவதுகூடக் கேட்கும்.

தும்பி பெரியப்பாவின் சட்டையை இழுத்தாள். “முக்கியமானதை மறந்துட்டீங்களே பெரியப்பா!”

“என்னடா கண்ணு?”

“இறைவணக்கம்! அது இல்லாமலே கூட்டத்தைத் தொடங்கிட்டீங்க.”

பெரியப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயையோ! இதோ, இப்பவே பாடிடறேன்.”

“பாட வேண்டாம். எங்க ஸ்கூல்ல மௌனமாத்தான் கும்பிடுவோம். நீங்க அறிவிங்க. நீங்க சொன்னாத்தான் எல்லாரும் கேப்பாங்க.”

அதில் பொய் ஏதும் இல்லை. பெரியப்பா நிமிர்ந்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே, தவளைகளே! மேடம், நீங்களும் கொஞ்சம் நில்லுங்க. எல்லாரும் கண்ணை மூடி, மனசுக்குள்ள கும்பிடுவோம்!”

பந்தலை விட்டுக் கிளம்பிய அதிகாரியும் நின்றார். பெரியப்பா கண்மூடினால் எளிதில் திறக்கமாட்டார். உறவினர் ஒருவர் விடாமல் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்வார். அது தும்பிக்குத் தெரியும். அவள் ஜெனரேட்டர்காரரிடம் ஓடினாள்.

“அண்ணே, இதை நிறுத்துங்க!”

“லைட் போயிடுமே பாப்பா?”

“எல்லாரும் கண்ணை மூடிட்டாங்க. லைட் யாருக்கு?”

அவர் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. நிறுத்தினார்.

மௌனம் மெல்ல வந்து குளக்கரையில் அமர்ந்தது. இலையிலிருந்து ஒரு துளி விழுந்தது.

“ட்ரிப்.”

நாணலுக்குள்ளிருந்து யாரோ துருப்பிடித்த கதவைத் திறந்தார்கள். “கிர்ர்ரீச்.”

முதல் வகைத் தவளைக்கு அதிகாரி ஒரு விரலை நிமிர்த்தினார்.

தாமரை இலையடியில் ஒருவர் குறட்டை விட்டார். இரண்டாம் விரல் எழுந்தது. ஒருவர் குடத்தில் கல் போட்டார்; ஒருவர் சீப்பை நகத்தால் வருடினார்; ஒருவர் விக்கினார். சற்று நேரத்தில் குளம் முழுவதும் வாய் திறந்து பாடியது. ஒரு கையின் விரல்கள் போதாமல், குடையைத் தும்பியிடம் கொடுத்துவிட்டு அதிகாரி மறுகையையும் நீட்டினார்.

“இந்தக் குளத்துக்குக் கட்டாயம் பணம் கிடைக்கும்” என்று அம்மாவின் காதில் கிசுகிசுத்தார். “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க.”

அம்மா தும்பியைக் குடையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

பெரியப்பா கண் திறந்தார். அணைந்த விளக்குகளைப் பார்த்தார். ஊமையான ஒலிபெருக்கிகளைப் பார்த்தார். பாடும் குளத்தைப் பார்த்தார்.

“அப்போ, இவ்வளவு நேரம் அதுங்களைப் பேச விடாதது நான்தானா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“நீங்க சொன்னதாலதான் பெரியப்பா எல்லாரும் சும்மா இருந்தாங்க” என்றாள் தும்பி.

பழக்கத்தில் மைக்கை வாயருகே கொண்டுபோனவர், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். நீரோரம் இறங்கி நின்று, தலைக்குமேல் கைகூப்பி, ஒரு சொல்லும் இல்லாமல் வணங்கினார்.

பிறகு, பக்கத்தில் நின்ற தும்பிக்கு மட்டும் கேட்கும்படி, தவளைகளிடம் அவ்வளவு மெதுவாகச் சொன்னார்:

“பிள்ளைகுட்டியோட நல்லா இருங்க.”