கதவு மறக்காத விலாசம்

போன் அலறியது!

பேஸ்மென்ட் சர்வர் ரூமின் சுவரில் தொங்கிய அந்த இன்டர்காம் அடித்து யாரும் கேட்டதில்லை. கேபிள் பதறிப்போய் எடுத்தாள்.

"ஹலோ?"

"கே... கேபிள்..." பற்கள் கிட்டித்துப் போன குரல். "நான்தான்... டெஸ்டர்..."

"மேடமா? என்ன ஆச்சு? குரல் ஏன் இப்படி நடுங்குது?"

"கோல்டு ரூம்ல மாட்டிக்கிட்டேன்... கார்டை வெச்சா சிவப்பு லைட் எரியுது. உள்பக்கக் கைப்பிடியக் காணோம்... யாரோ கழட்டியிருக்காங்க..."

"என்னது!"

"மைனஸ் இருபது டிகிரி... சீக்கிரம் வா..."

சத்தம் நின்றுபோனது.

கேபிள் என்றால் ஒயர் இல்லை, பெண். அந்த மருந்து ஃபேக்டரியின் நெட்வொர்க் இன்ஜினியர். எந்நேரமும் கழுத்தில் ஒரு நீல நெட்வொர்க் கேபிளைப் போட்டுக்கொண்டு அலைவதால் அந்தப் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பள ஸ்லிப்பில் மட்டும் உயிரோடு இருந்தது. டெஸ்டர் மேடமும் அப்படித்தான்; மருந்தைச் சோதித்துத் தரம் சொல்பவர்.

கதவுக்கு ஓடினாள். கார்டை வைத்தாள்.

சிவப்பு!

மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"ஐயோ... இதுவுமா!"

இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது. மொபைலில் சிக்னல் என்பது இந்தப் பாதாளத்துக்கு வந்ததே இல்லை. கத்தினால் சர்வரின் ஃபேன் சத்தம்தான் பதில் சொல்லும்.

காரணம் அவளுக்குத் தெரியும்.

ஃபேக்டரியின் ஒவ்வொரு கதவும் ஒரு சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். 'இந்தக் கார்டுக்காரரை விடலாமா?' என்று. ஆனால் கதவுக்குத் தெரிந்தது அந்த சர்வரின் பெயர் மட்டும். விலாசத்தை டிஎன்எஸ் என்ற விலாசப் புத்தகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரு தடவை கேட்டுவிட்டால் ஒரு முழு நாளைக்கு அதையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

இன்று காலை கேபிள் கதவு வேலையைப் புது சர்வருக்கு மாற்றினாள். மாற்றுவதற்கு முன்பே, 'விலாசத்தைச் சில நிமிஷம் ஞாபகம் வைத்தால் போதும்' என்று டிஎன்எஸ்ஸில் குறைத்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் வீடு மாறியதும் எல்லாக் கதவும் புது வீட்டைத் தேடி வரும்.

குறைக்க மறந்துவிட்டாள்!

'எந்தக் கதவு பழசைக் கேட்குதோ, எது புதுசைக் கேட்குதோ... படுபாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சே!' என்று தன்னையே திட்டிக்கொண்டு, மேனேஜர் ரூம் நம்பரை அழுத்தினாள். மேனேஜர் வேறு யாருமில்லை. அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"மாமா! டெஸ்டர் மேடம் கோல்டு ரூம்ல மாட்டிக்கிட்டாங்க! நானும் இங்க மாட்டிக்கிட்டேன்!"

"பதறாதேம்மா." மாமாவின் குரல் வெண்ணெய். "எல்லாம் நீ காலைல பண்ண வேலையால வந்ததுதான். பழைய சர்வர் இன்னும் ஓடுதா?"

"ஓடுது மாமா."

"அதை ஆஃப் பண்ணிடு. எல்லாக் கதவும் தானா புதுசுக்கு வந்துடும். நான் இங்கிருந்து திறந்து விடறேன்."

கேபிளின் விரல் பவர் பட்டனுக்குப் போனது.

பட்டன் மேல் உட்கார்ந்தது...

நின்றது!

'தானா எங்க வரும்? பழைய விலாசத்தைப் பிடிச்சுத் தொங்கற கதவு, அங்க யாருமே இல்லன்னா மூடினது மூடினபடியே நிக்குமே! நாளைக்கு அது மறக்கறதுக்குள்ள மேடம் ஐஸ் கட்டி ஆயிடுவாங்களே!'

"என்னம்மா, ஆஃப் பண்ணிட்டியா?"

"இருங்க மாமா..."

"யோசிக்காதே. பட்டனை அழுத்து."

"இருங்கன்றேன்ல!"

பழைய சர்வரின் ஸ்க்ரீனைப் பார்த்தாள். கோல்டு ரூம் கதவு பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அது இன்னமும் பழைய சர்வரைத்தான் கேட்கிறது! பிறகு ஏன் சிவப்பு? மேடத்தின் கார்டைத் தட்டிப் பார்த்தாள்.

தடை. தடை போட்டவர்... மேனேஜர்!

கேபிள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

"மாமா... மேடம் கார்டை பிளாக் பண்ணது நீங்களா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

வெண்ணெய் உருகிப் போயிருந்தது.

"பார்த்துட்டியா? சரி. குழந்தைங்களுக்குப் போற மருந்து கெட்டுப் போச்சுன்னு அவ அடம் பிடிக்கறா. லாரி வாசல்ல நிக்குது. சாம்பிள் பெட்டிய எடுத்துக்கிட்டு வெளிய போறேன்னு கிளம்பினா. நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்காகக் கொலையா!"

"கொலைன்னு யார் சொன்னா? சர்வர் மாத்தும்போது கதவு மக்கர் பண்ணிடுச்சு. பாவம், கவனக் குறைவு. உன் கவனக் குறைவு!"

"மாமா!"

"உன் கதவு ஏன் திறக்கல தெரியுமா? நீ உள்ள போனதும், அந்தக் கதவை இயக்கற, வெளிய இருக்கற கறுப்புப் பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். பழைய விலாசம் மறந்து போச்சு. இப்ப அது புது சர்வரைத்தான் கேட்கும். புது சர்வர் பாஸ்வேர்டை நீ மாத்தி முடிச்சதும் நான் மாத்திட்டேன். அது என்கிட்ட மட்டும்தான். நான் சொன்னாத்தான் நீ வெளிய வர முடியும்."

"பாவி!"

"பட்டனை அழுத்து. உன் அக்கா மூஞ்சிய நினைச்சுக்கோ. நான் உள்ள போனா அவ நடுத்தெருவுல நிப்பா. நான் கோல்டு ரூமுக்குப் போயிட்டிருக்கேன். போய்ச் சேர்றதுக்குள்ள அது ஆஃப் ஆகியிருக்கணும்!"

போனை வைத்தான். இனி அவனுக்கு மரியாதை எதற்கு?

கேபிளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கீபோர்டைத் தட்டினாள். மேடத்தின் கார்டுத் தடையை எடுத்தாள். கதவைத் திறக்கச் சொன்னாள். கோல்டு ரூமுக்குப் போன் அடித்தாள்.

அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

"மேடம், எடுங்க... எடுத்துத் தொலைங்க, ப்ளீஸ்!"

எடுக்கப்பட்டது. மூச்சு மட்டும் கேட்டது.

"மேடம்! கதவு திறந்திருக்கு! எழுந்திருங்க!"

"கால்... வரல..."

"கால் வரலன்னா தவழ்ந்து போங்க! வலது பக்கம் பேக்கிங் ஹால். அங்க போய் ஒளிஞ்சுக்கோங்க. அவன் இடது பக்கம் படியிறங்கி வருவான். போங்க மேடம்!"

ரிசீவர் சுவரில் மோதி ஆடும் சத்தம். எதையோ தரையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம். ஸ்க்ரீனில் கதவு திறந்தது. மெதுவாக மூடியது.

மேடம் வெளியே!

கேபிள் ரிசப்ஷனை அழைத்தாள். ஃபேக்டரியின் எல்லாப் போனும் அந்த போர்டு வழியாகத்தான் போகும். போர்டில் உட்கார்ந்திருப்பது அவளுடைய அக்கா.

"அக்கா... பேக்கிங் ஹாலுக்கு ஆள் அனுப்பு. டெஸ்டர் மேடம் அங்க இருக்காங்க. மாமா அவங்களைக் கொல்லப் பார்த்தார்."

"என்னடி உளர்றே? நீதான் ஏதோ தப்பு பண்ணிட்டு உள்ள பூட்டிக்கிட்டு அழறேன்னு அவர் இப்பத்தான் சொல்லிட்டுப் போனார்!"

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. நீ என்னை நம்பறியா, மாமாவை நம்பறியா?"

நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா!"

லைன் கட்டானது.

கேபிள் ரிசீவரையே வெறித்துப் பார்த்தாள். அம்மா போனபிறகு தலை வாரிவிட்ட அக்கா. அவளே கை விட்டுவிட்டாள். நாலு சுவரும் ஒரு அடி உள்ளே நகர்ந்து வந்ததுபோல் இருந்தது.

'யாரும் வரமாட்டாங்க. யோசி. யோசிடி!'

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் கோல்டு ரூம் வாசலில் நிற்பான். சாம்பிள் பெட்டி வேண்டும் அவனுக்கு. உள்ளே போகாமல் இருக்க மாட்டான். ஆனால் பழைய சர்வர் பிடியில் இருக்கும் கதவுக்குள் கால் வைக்கிற அளவுக்கு அவன் மடையன் இல்லை. முதலில் கறுப்புப் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவான். கதவு பழசை மறக்கும். டிஎன்எஸ்ஸைப் புதிதாகக் கேட்கும். புது சர்வரின் விலாசம் கிடைக்கும். கதவு அவன் கைக்குப் போய்விடும்...

கேபிள் விருட்டென்று நிமிர்ந்தாள்.

'புது விலாசம்தான் கிடைக்கும்னு யார் சொன்னது?'

டிஎன்எஸ் அவளுடையது! அதன் பாஸ்வேர்டு மாமாவுக்குத் தெரியாது. அப்படி ஒரு பாஸ்வேர்டு இருப்பதே தெரியாது.

விரல்கள் பறந்தன. அந்தப் பெயருக்கு நேராக இருந்த புது விலாசத்தை அழித்தாள். பழைய விலாசத்தைப் போட்டாள். சேமித்தாள்.

அவள் ரூம் கதவுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது புது விலாசத்தை நாளை வரை மறக்காது. அதன் கறுப்புப் பெட்டியோ வெளியே.

போன்!

"வாசல்ல நிக்கறேன்." கோல்டு ரூம் வாசல் போனில் மாமா மூச்சு வாங்கினான். "இங்க லைட் இன்னும் பச்சையா எரியுதே! ஆஃப் பண்ணலையா?"

"இதோ... பண்ணிடறேன் மாமா." தேம்பினாள். தேம்பல் நிஜம்தான். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. "அக்காவை மட்டும் ஒண்ணும் பண்ணாதீங்க."

பட்டனைத் தொடவில்லை. பழைய சர்வரின் முதுகிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

"ம்... மஞ்சளாயிடுச்சு, தொடர்பு போச்சு. நல்ல பொண்ணு. அவ உள்ள எப்படி இருக்கா?"

"போன்ல சத்தமே இல்ல மாமா."

"அப்ப சரி."

கறுப்புப் பெட்டியின் சுவிட்ச் சத்தம் போனிலேயே கேட்டது. டக்... டக்.

கேபிளைத் திரும்பச் சொருகினாள்!

ஸ்க்ரீனில் கோல்டு ரூம் கதவின் இடம் இருட்டாகவே இருந்தது. வரவில்லை... வரவில்லை...

'வா... வாடா ராஜா... உன் வீடு இங்கதான் இருக்கு...'

பச்சை!

கோல்டு ரூம் கதவு டிஎன்எஸ்ஸைக் கேட்டு, சமர்த்தாகப் பழைய சர்வரின் வாசலுக்கே வந்து நின்றது.

"இப்பப் பாரு, பச்சை!" மாமா சிரித்தான். "இனிமே இந்தக் கதவு என் கதவு."

அவன் கார்டை வைத்தான். 'விடலாமா?' என்று கதவு கேட்டது.

'தாராளமா விடலாம்' என்றாள் கேபிள்.

அவன் உள்ளே போனான். கதவு மூடியது.

ஒரே ஒரு கீயைத் தட்டினாள். மேனேஜர் கார்டு... தடை!

சிறிது நேரத்தில் கோல்டு ரூமிலிருந்து போன் வந்தது. நிதானமாக எடுத்தாள்.

"ஏய்! அவ எங்க? பெட்டி எங்க? ஏன் சிவப்பு எரியுது?"

"மேடம் பெட்டியோட போயிட்டாங்க மாமா. தரையோட இழுத்துக்கிட்டே போயிட்டாங்க."

"நான்தான் ரீஸ்டார்ட் பண்ணேனே! இது புது சர்வரைத்தானே கேட்கணும்!"

"கதவு விலாசம் கேட்டுச்சு. நான் பழசையே சொன்னேன். அது நம்பிடுச்சு. நாங்க உங்களை நம்பலையா, அந்த மாதிரி."

"திற! குளிருது... கை மரத்துப் போகுது... திறடி!"

"மொதல்ல பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நான் வெளிய போகணும்."

"சொல்ல மாட்டேன்! உன் அக்கா வருவா. என்னைத் தேடி வருவா. என் பேச்சைத் தாண்டி அவ ஒரு நாளும் நடந்ததில்ல. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை அவ உயிரோட விடமாட்டா!"

"மாமா..."

"அவகிட்ட லைன் போடு! இப்பவே போடு!"

"போட வேண்டியதில்லைங்க." லைனில் மூன்றாவதாக ஒரு குரல்.

அக்கா!

எல்லாப் போனும் அந்த போர்டு வழியாகத்தானே!

"ரொம்ப நேரமா லைன்லதான் இருக்கேன்," என்றாள் அக்கா. அழுது முடித்த குரல். "நீங்க வாசல்ல நின்னு, 'அவ உள்ள எப்படி இருக்கா'ன்னு கேட்டீங்களே... அதையும் கேட்டேன். மேடம் இப்ப என் பக்கத்துல கம்பளி போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. போலீஸ் கேட்டுக்குள்ள வந்தாச்சு. அவங்க கோல்டு ரூம் வாசலுக்கு வந்ததும் தங்கச்சி திறந்து விடுவா."

"நீயா... நீயா என்னைப் போலீஸ்ல..."

"காலைல ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

லைன் கட்டானது.

போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனபிறகும் கேபிள் உள்ளேதான் இருந்தாள். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம். அக்கா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுவது இரும்பைத் தாண்டிக் கேட்டது.

"பதில் சொல்லாம வெச்சுட்டேன்டி... ஆள் அனுப்பணும்னு ஓடிட்டேன். நீ என்ன நினைச்சிருப்பே!"

"செத்துட்டேன்க்கா. நீ கை விட்டுட்டேன்னு நினைச்சு நிஜமாவே செத்துட்டேன். திறந்து விடு மொதல்ல."

"எப்படிடி திறக்கறது? அவர் பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன்னுட்டார்."

"உன் வலது பக்கம் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

டக். டக்.

கதவு புது விலாசத்தை மறந்து பழைய சர்வரைக் கேட்டது. கேபிள் கார்டை வைத்ததும் திறந்தது! அக்கா பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்... அவ்வளவுதானா? இதுக்கா அப்பா உன்னை அத்தனை வருஷம் படிக்க வெச்சார்?"

"மெதுவாப் பேசுக்கா... வெளிய தெரிஞ்சா எங்க ஆளுங்க அத்தனை பேர் பொழப்பும் போயிடும்!"