முனையில் நிற்பவர்

மாலை நாலேகாலுக்குக் காற்று நின்றது.

அதுவரை அது அஸ்கெரின் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் கடல் அப்படித்தான். காலையில் ஆலங்கட்டி, மதியம் வெயில், இப்போது ஒன்றுமில்லை. கரையிலிருந்து கல்திட்டு ஒற்றையடிப் பாதைபோல் நீருக்கடியில் நீண்டு கிடந்தது. இருபுறமும் ஆழம். அவன் தொடையளவு நீரில் நின்று தூண்டிலின் தகட்டு இரையை வீசினான், சுற்றி இழுத்தான், இரண்டு எட்டு முன்னே வைத்தான், மறுபடி வீசினான்.

நாளை மகள் சிக்னெவுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு. விருந்துக்கு அப்பா பிடித்த டிரவுட் மீன் வேண்டும் என்று கேட்டிருந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. பை காலியாக இருந்தது.

"பின்னால இறங்கலாமா?"

கரைப்பக்கமிருந்து ஒரு குரல். இந்தக் கடற்கரையில் எல்லோரும் கேட்பதுதான். முன்னால் நிற்பவர் சரி என்று சொல்லாமல் யாரும் திட்டில் கால் வைப்பதில்லை. மறுத்தவர்களும் இல்லை. அஸ்கெர் திரும்பிப் பார்க்கவில்லை. இரையை ஏதோ தொட்டதுபோல் இருந்தது.

"இறங்குங்க."

மூடுபனி கடலிலிருந்து வந்தது. முதலில் தூரத்துத் தீவு போனது, பிறகு கரை, பிறகு அவன் வீசும் இரை விழும் இடம். வெள்ளைக்குள் அவனுடைய மூச்சும், ரப்பர் உடையில் நீர் உரசுவதும், பின்னால் தூண்டில் நரம்பு விசிறிப் போகும் சத்தமும், இரை நீரில் விழும் 'களக்'கும் மட்டும் இருந்தன. வாளியில் மறந்து விட்டுப்போன சிப்பியின் வாடைபோல் ஒன்று வந்தது. பின்னால் ஆள் இருக்கும்போது ஒரே இடத்தில் நிற்பது மரியாதையில்லை. அவன் இரண்டு எட்டு வைத்தான்.

கைபேசி அடித்தது. கரையில் காபிக் குடுவையோடு உட்கார்ந்திருந்த மச்சான் வில்லாட்ஸ். முழங்கால் வலியால் அவன் இன்று இறங்கவில்லை.

"மாப்ளே, வெளியே வா. பக்கத்துல நிக்கற கார்கூடத் தெரியல."

"இன்னும் நாலு வீச்சு, மச்சான். வெறுங்கையோட போனா உன் மருமக என்னைப் பந்தியில உட்காரவே விடமாட்டா."

"கடையில ஒண்ணு வாங்கி வாயில கொக்கியை மாட்டிடலாம். உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பா."

அஸ்கெர் சிரித்தான். "எனக்குப் பின்னால ஒருத்தர் இறங்கியிருக்காரு. திரும்பி வந்தா அவருக்கும் ஒரு கோப்பை குடு."

"யாரு?"

"இப்போ இறங்கினாரே."

"திட்டுக்குப் போற வழியிலதான் உட்கார்ந்திருக்கேன். யாரும் வரல, மாப்ளே."

களக். முன்பைவிடப் பக்கத்தில்.

"நான் குரல் குடுத்துட்டே இருக்கேன்," என்றான் வில்லாட்ஸ். "சத்தத்தைப் பிடிச்சு வந்துடு."

அஸ்கெர் கரையை நோக்கித் திரும்பினான். நெஞ்சில் ஏதோ தடுத்தது. குறுக்கே விறைப்பாக ஒரு தூண்டில் நரம்பு. விலக்கக் கை வைத்தான். சொரசொரத்தது. பாசி. பாசிக்குள் கொத்துக்கொத்தாகச் சின்னச் சிப்பிகள். கடலில் பல வருடம் கிடந்தால்தான் அப்படி ஒட்டி வளரும்.

நரம்பு இறுகியது. கைபேசி நழுவி நீரில் விழுந்தது.

இரண்டு எட்டு பின்வாங்கினான். களக். மேலும் இரண்டு. நீர் மார்புக்கு வந்தது. ரப்பர் விலாவை நெரித்தது. குதிகால் கல்லைத் தேடியது. கல் இல்லை.

திட்டின் முனை.

முனைக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல மீன் அங்கேதான். அதனால் முனையில் நிற்பவர் சில வீச்சுக்குப் பிறகு பின்னால் வருபவருக்கு இடம் விடுவார். திட்டு ஓராள் அகலம். ஒருவரையொருவர் உரசித்தான் கடக்க முடியும்.

பனிக்குள் ஓர் உருவம். தூக்கிப் பிடித்த தூண்டில் கம்பு. அதன் மார்பைச் சுற்றி நீர் அசையவில்லை.

"ஹோய்," என்றான் வில்லாட்ஸ், வெகுதூரத்தில்.

"இடம் மாத்திக்கலாமா?"

அதே குரல். பணிவான குரல்.

அஸ்கெர் பதில் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்தான். ஆனால் முப்பது வருடப் பழக்கம். தோள் தானாக ஒருக்களித்து வழிவிட்டது.

குளிர் அவனை உரசிக்கொண்டு போனது.

கால்கள் எழவில்லை. கையிலிருந்த கம்பு அவனுடையது அல்ல. பிடியில் சிப்பி குத்தியது. நீரில் காலடிகள் கரையை நோக்கிப் போயின. இரண்டு எட்டு. இரண்டு எட்டு. கத்த வாயைத் திறந்தான். உப்புநீர் வந்தது. சத்தம் வரவில்லை.

கோப்பை கல்லில் இடிக்கும் ஓசை. பனி ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கொண்டுவந்தது.

"வந்துட்டியா மாப்ளே. பயமுறுத்திட்டியே. இந்தா, குடி. சிக்னெ போன் பண்ணினா. அப்பா கிளம்பிட்டார்னு சொல்லிடட்டுமா?"