வெந்நீருக்கு ஐந்து நட்சத்திரம்

புதன் கோளில் வீடுகள் நிற்பதில்லை, நின்றால் வெந்துபோகும். விடியல் கோடு மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே வந்துகொண்டே இருக்கும். அதற்கு இருபது கிலோமீட்டர் முன்னால், இருட்டுக்குள், இரண்டாயிரம் உலாவீடுகள் சக்கரத்தின் மேல் குடும்பம் குடும்பமாக ஊர்ந்துகொண்டிருக்கும். சமையல், தூக்கம், சண்டை எல்லாம் ஓடும் வண்டியில்தான். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எங்காவது நின்றால் சூரியன் வந்து முதுகைத் தொட்டுவிடும்.

தேமொழியின் கவலை வெந்நீர். குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சுடவைத்துத் தரும் உடன்சூடேற்றி மூன்று நாள் முன்பு புகைந்து அணைந்துபோனது. பிள்ளைக்கு இருபது நாள்தான் ஆகிறது. ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் அது உதடு நீலம் பாரிக்க வீறிட்டது. கூடவே அவளும் அழுதாள்.

வழியில் இருந்தது ஒரே ஒரு ஆளில்லாக் கிட்டங்கி. அதை விட்டால் கோளைச் சுற்றி மறுபடி அங்கே வர நூற்று எழுபத்தாறு நாள் ஆகும். உள்ளே பதினொரு வகைச் சூடேற்றிகள் இருந்தன. எதை எடுத்திருந்தாலும் தண்ணீர் சுட்டிருக்கும். ஆனால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போன அவள் கணவன் அறவாழி, சோப்புக்கே வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரையை முக்கால் மணி நேரம் படிக்கிற ஆள்.

நிமிடத்துக்கு மூன்று லிட்டரா நான்கா என்பதில் முதல் மணி போனது. மின்கலத்தை எவ்வளவு உறிஞ்சும், சக்கரத்துக்கு மிச்சம் வைக்குமா என்பதில் இரண்டாவது. அதுவரை நியாயம்தான். மூன்றாவது மணியில் யாரோ ஒருவருக்குப் பெட்டி நசுங்கி வந்ததைப் படித்துவிட்டு, அப்படி நசுங்கியது எத்தனை பேருக்கு என்று எண்ண ஆரம்பித்தான். தேமொழி வானொலியில் கூப்பிட்டபோது இன்னும் இரண்டே மதிப்புரை என்றான். மறுபடி கூப்பிட்டபோது, இருக்கிற ஒன்பதாயிரத்தில் எந்திரங்கள் எழுதியவை எவை என்று பிரித்துக்கொண்டிருந்தான்.

கிழக்கே மலை உச்சிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. ஐந்தாவது மணியில் எச்சரிக்கை ஒலி தொடங்கியது. தேமொழி பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"நான் வண்டியக் கிளப்பறேன். வரீங்களா, இல்ல அங்கயே படிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆறு மாசம் இதோட குடித்தனம் பண்ணணும் தேமொழி. அவசரப்பட்டா எப்படி?"

அவள் விசையை அழுத்தினாள். சக்கரம் உருண்டதைப் பார்த்த பிறகுதான் அவன் காற்றுடையோடு ஓடி வந்து தொற்றிக்கொண்டான், வெறுங்கையோடு. அதற்குள் சூரியனின் விளிம்பு பின்சுவரில் பட்டுவிட்டது. தகடு நெளிகிற சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. மறுபடி இருட்டுக்குள் போய்ச் சேர்கிற வரை அவள் விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின்சுவரில்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குழாயைத் திறந்தாள், ஆவி பறந்தது. அதை விளாவிப் பிள்ளையைக் குளிப்பாட்டினாள். அது கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தாள். நிம்மதியில் அழுகைதான் வந்தது.

அறவாழி இதற்குள் திரைமுன் உட்கார்ந்து, எல்லா வண்டிக்காரர்களும் படிக்கிற மதிப்புரைப் பலகையில் எழுதி முடித்திருந்தான். 'சூடேற்றி வாங்க வேண்டாம். ஐந்தரை மணி நேரம் சும்மா நின்றால் போதும், இலவச வெந்நீர். ஐந்து நட்சத்திரம்.'

சற்று நேரத்தில் கட்டுப்பாட்டு நிலையம் பதறிக்கொண்டு அழைத்தது. கோடு நெடுக நாற்பத்தொரு வண்டிகள் நின்றுவிட்டன, காரணம் கேட்டால் குளிக்கப் போவதாகச் சொல்கிறார்கள், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். பட்டியலில் நான்காவதாக அவள் அக்காவின் வண்டி இருந்தது.

"அத எடுங்க. இப்பவே எடுங்க," என்றாள்.

அறவாழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படி எடுக்கறது? முந்நூறு பேர் பயனுள்ளதா இருந்துச்சுன்னு போட்டிருக்காங்க."