குழாயடிப் பாசி

பல் துலக்கியதும் துணை நுரையீரலைக் கழற்றி அலசி மாட்டிக்கொள்வது செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோருக்கும் காலைக்கடன். அன்று ஆராய்ச்சியாளர் செண்பகவல்லி அதை அரைகுறையாக அலசிவிட்டு ஓடினாள். நான்கு ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு ஆய்வு அதிகாரி ஒருவழியாக வருகிறார்.

விஷயம் உள்ளங்கை அகலப் பாசி. குடியிருப்பை மூடிய குவிமாடத்துக்கு வெளியே, நீர்க்குழாய் கசிந்த இடத்தில் தானாக முளைத்திருந்தது. பூமியிலிருந்து யாருடைய காலணியிலோ ஒட்டி வந்ததுதான். ஆனால் இந்தக் குளிரிலும் மெல்லிய காற்றிலும் பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. அந்த வித்தை தெரிந்தால் குவிமாடத்துக்கு வெளியே பயிர் செய்யலாம். கோள் முழுவதிலும் அந்த ஒரு பிடிதான் இருந்தது.

நகத்தால் கிள்ளினாலே ஆராய்ச்சிக்குப் போதும். ஆனால் அனுமதி எண் இல்லாத மாதிரிக்கு ஆய்வகக் கருவிகள் வாய் திறக்காது. ஆகவே உயிர்வள வாரியத்துக்கு விண்ணப்பித்தாள். வணிக நோக்கம் இல்லை என்று உறுதிமொழி கேட்டார்கள், கொடுத்தாள். பாசிக்குச் சொந்த நாடு எது, அந்த நாட்டின் ஆட்சேபணையின்மைச் சான்று எங்கே என்றார்கள். அது என்ன பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா வந்தது? அதிலேயே இரண்டு ஆண்டு போயிற்று. கடைசியில் அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே!

குழாய்களைப் பராமரிக்கும் இயந்திரப் பணியாளான பொறியன் வேலப்பனிடம்தான் அவள் தினமும் புலம்புவாள். "அனுமதி மட்டும் கெடைச்சாப் போதும் வேலப்பா" என்பாள். கேட்டுக் கேட்டு அதற்கும் மனசு ஆறவில்லை. மனசு என்று ஒன்றை வைத்துத்தான் செய்திருந்தார்கள், பாவம்.

அதிகாரி சத்தியசீலன் கவச உடையில் முன்னே நடந்தார். பாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு பிசகாமல் போட்டிருந்தது. குழாய்க்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. செண்பகவல்லி ஓடிப்போய் மண்டியிட்டுக் குழாயின் அடியில் தடவினாள். ஒரு பொட்டுப் பச்சை இல்லை. பக்கத்தில் வேலப்பன் விறைப்பாக நின்றது.

"வேலப்பா, இங்க இருந்தது எங்கே?"

"சுரண்டிட்டேம்மா. பெரியவங்க பார்வையிட வர்ற எடம் இப்படிக் கெடந்தா ஃபைலைத் தூக்கிப் போட்டுருவாங்களே!"

"நாலு வருஷமா நான் எதுக்குடா அலைஞ்சேன்?"

"அனுமதிக்குத்தானேம்மா?"

"யாருடா ஒனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

"மனுசங்கதாம்மா. பூமியோட அரசாங்கப் பதிவு எல்லாத்தையும் எனக்குள்ள ஏத்தியிருக்காங்க. வெள்ளையடிக்காம, பவுடர் போடாம எந்த அதிகாரியையும் அங்க வரவேற்றதே இல்ல."

அவளால் திட்டவும் முடியவில்லை. தலைக்கவசத்துக்குள் வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் வழியில்லை. வேலப்பன் பாராட்டுக்காகக் காத்து நின்றது.

சற்றுத் தள்ளி நின்ற சத்தியசீலன் சுற்றுமுற்றும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். படிவத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, அவளிடம் நீட்டினார்.

"எடத்தை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க மேடம். அம்பது கிராம் எடுத்துக்கலாம். அதுக்கு மேல ஒரு துளி எடுத்தாலும் நடவடிக்கைதான், பாத்துக்குங்க. அரிய உயிராச்சே!"