ஆறாம் நாள் மஞ்சள்

சிமெண்டுச் சூளையை அணைத்து மூன்று நாளாகியிருந்தது. ரிப்பேர் வேலை நடக்கிறது, பதினைந்து நாளைக்குப் புகை வராது என்று கம்பெனிக்காரர்கள் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே புகைக்கூண்டு மொட்டையாக நின்றது. அரவை மில்லின் இரைச்சலும் ஓய்ந்துபோய், எர்ரகுட்டாவில் காக்கை கத்துவதுகூட இப்போதெல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் ஸ்வரூபா விடிந்ததும் துடைத்து வைத்த சொம்பின் மேல், அடுப்பில் சோறு வேகும் முன்பே சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். தூசி வெதுவெதுப்பாக இருந்தது.

ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது. இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்து இரண்டு வருஷமாகிறது. வெளியே இலை அசையவில்லை. உள்ளறையில் லாஸ்யா இருமினாள். ஏழு வயதுப் பிள்ளையின் இருமலாகவா இருந்தது அது? காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். மூன்று மாதமாக அந்தச் சத்தத்தோடுதான் ஸ்வரூபா படுத்தாள், எழுந்தாள். ஜில்லா ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல இருந்தா பொண்ணு தேறாதும்மா" என்றார். போக ஓர் இடம் இருந்தால் எந்தப் பைத்தியக்காரி இங்கே இருப்பாள்?

"மூணு நாளா புகையே இல்ல. தூசி எங்கேருந்துய்யா வருது?" என்று புருஷனைக் கேட்டாள்.

"உன் வாயிலேருந்துதான்" என்றான் உபேந்தர், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "அத மூடினா எல்லாம் நின்னுடும்."

அவன் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. போன மாதம் இரண்டாவது சூளைக்கு அனுமதி கேட்டு, பந்தல் போட்டு, மோர் ஊற்றி, ஊர்க் கூட்டம் நடத்தினார்கள். எழுந்தவர்கள் எல்லாரும் வேலை, ரோடு, கல்யாண மண்டபம் என்று கம்பெனிக்குப் பல்லாண்டு பாடிவிட்டு உட்கார்ந்தார்கள். ஸ்வரூபா மட்டும், மழையில் நனைந்து கூரை மேல் இறுகிப்போன தூசியை ஓர் ஓடு போலப் பெயர்த்துக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தாள். "இது என் கூரை மேல விழுந்தது. என் புள்ள நெஞ்சுக்குள்ள விழுந்தத எவன் எடுத்துக் காட்டுவான்?" என்று கேட்டாள். அதிகாரி ஒரு டம்ளர் மோர் குடித்தார். மறுநாள் உபேந்தரின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பால்காரி தெருவில் அவள் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள். இப்போது தூசிக் கிடங்குக்குள் இறங்கிச் சுரண்ட ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் அவனைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மேஸ்திரி எல்லார் முன்னாடியும் கேக்குறான், 'உங்க வீட்டு லீடரம்மா சௌக்கியமா'ன்னு. நான் ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவேன். நீ எதையும் கிளப்பாம சும்மா கிட" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அவை பதுக்கம்மா பண்டிகை நாட்கள். பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், தங்கிய ஒரு பெண்ணுக்கு "பிழைச்சுக்கோ அம்மா" என்று வைத்த பெயர்தான் பதுக்கம்மா. தட்டில் பூவைக் கோபுரமாக அடுக்கி, உச்சியில் மஞ்சளைக் கௌரம்மா என்னும் அம்மனாகப் பிடித்து வைத்து, பெண்கள் சுற்றிவந்து கைதட்டிப் பாடிக் குளத்தில் விடுவார்கள். கௌரம்மாவை மட்டும் எடுத்துவந்து, அந்த மஞ்சளைத் தாலியிலும் பிள்ளைகளின் கழுத்திலும் பூசுவார்கள். ஸ்வரூபாவுக்கு இந்த வருஷம் அந்த ஒரு பொட்டு மஞ்சள் வேண்டியிருந்தது. லாஸ்யா மூச்சுவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் நாள் தட்டோடு சாவடிக்குப் போனபோது, எதிர்வீட்டு மங்கக்கா அவளை வட்டத்துக்குள் விடவில்லை. "கம்பெனி போட்ட தரை, கம்பெனி குடுத்த லைட்டு. மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிறவளுக்கு இங்க என்னடி ஆட்டம்?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சிரித்து முடிக்கும் முன் இருமினார்கள், அதற்கும் ஸ்வரூபாவைத்தான் முறைத்தார்கள். ஐந்து நாளும் இதே கூத்து. ஐந்து தட்டையும் அவள் வீட்டுக்குப் பின்னால் கொட்டினாள்.

இன்று ஆறாம் நாள், பதுக்கம்மா கோபித்துக்கொண்டிருக்கும் நாள். அன்றைக்கு யாரும் பூ அடுக்க மாட்டார்கள், யாரும் பாட மாட்டார்கள், குளக்கரை வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறிச்சோடல்தான் ஸ்வரூபாவின் புத்தியைக் கெடுத்தது.

"அம்மா, இன்னைக்கு வைக்கக் கூடாதும்மா. அவ கோவமா இருக்கா" என்றாள் லாஸ்யா, படுத்தபடியே.

"எனக்கும்தான்டி கோவம். ரெண்டு கோவக்காரிங்களும் சேர்ந்து பேசிக்கிறோம், நீ தூங்கு."

மத்தியானம் அவள் ஆவாரம்பூவையும் பண்ணைப்பூவையும் பறித்து வந்தாள். பூவின் நிறம் தெரியாத அளவுக்குச் சாம்பல் அப்பியிருந்தது. அண்டாவில் போட்டு அலசினாள். தண்ணீர் கலங்கியது, பிறகு கூழானது, அதிலிருந்து நீற்றிய சுண்ணாம்பின் நெடி எழுந்து மூக்கின் உள்தோலைச் சுட்டது, கையை உள்ளே விட்டு அள்ளியபோது அடியில் இருந்த பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. மேலே இருந்ததை மட்டும் எடுத்து அடுக்கினாள். மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தபோது அது உள்ளங்கையில் சூடேறியது. கூம்பாகப் பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில், அவள் விரல் ரேகையோடு இறுகிப்போனது. நகத்தால் கீறினாள். கீறல் விழவில்லை. பழைய மஞ்சள், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனை நாலு வசவு வைது மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு, தட்டைத் தலையில் வைத்துக் குளத்துக்குப் போனாள். தட்டு கனத்தது. பூத்தட்டு இப்படிக் கழுத்தை அழுத்துமா? கரையில் இறக்கி வைத்தபோது தோள்பட்டை இரண்டும் மரத்திருந்தன. குளத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் சிமெண்டுக் குதிர்கள் நான்கும் ஆள் நடமாட்டமில்லாமல் நின்றன, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, தவளைகூடக் கத்தவில்லை. அவள் தட்டைச் சுற்றி நடந்தாள். குனிந்து ஒரு கைதட்டு, நிமிர்ந்து ஒரு கைதட்டு. தனியாகப் பாடுவது வெட்கமாக இருந்தாலும் பாடினாள். அவள் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் குதிர்களிலிருந்து எதிரொலி வந்தது.

நான்காவது சுற்றில் இருமல் வந்து அவள் நின்றுவிட்டாள்.

எதிரொலி நிற்கவில்லை. குனிந்து ஒன்று. நிமிர்ந்து ஒன்று. அது குதிர்ப் பக்கமிருந்து வரவில்லை, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பினாள். யாரும் இல்லை. காற்றில்லாத வெளியில், அவள் நடந்த அந்த வட்டத்துக்குள் மட்டும், தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காலடித் தடங்களுக்குப் பக்கத்தில் வேறு தடங்கள் இருந்தன. சின்னவை, பெரியவை, நிறைய.

ஸ்வரூபா கௌரம்மாவைப் பிய்த்தெடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தட்டைத் தூக்கித் தண்ணீரில் விட்டாள். மிதந்து போக வேண்டிய பூக்கோபுரம் ஒரு குமிழிகூட விடாமல் நேராக அடிக்குப் போனது. அவள் ஓடினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இருமல் கேட்டது. இத்தனை நாள் வெறுத்த அந்தச் சத்தம் இன்று அவளுக்கு உயிரைத் தந்தது. "வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, கல்லாகிக் கிடந்த கௌரம்மாவைச் சந்தனம்போல அம்மியில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். குழம்பு கொஞ்சம் மஞ்சளாகவும் நிறையச் சாம்பலாகவும் வந்தது. பரவாயில்லை. அதை லாஸ்யாவின் கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் பூசினாள்.

"சுடுதும்மா" என்றாள் லாஸ்யா.

"கொஞ்ச நேரம்டி கண்ணு. பொறுத்துக்கோ."

"அம்மா, உன் பின்னாடி யாரு கை தட்டுறாங்க?"

ஸ்வரூபா திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சத்தையும் வழித்துப் பூசினாள்.

இருமல் நின்றது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஸ்வரூபா சுவரில் சாய்ந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம். கோபக்காரி கேட்டுவிட்டாள், ஊர்க்காரிகள் நாசமாய்ப் போகட்டும், என் பிள்ளை தூங்குகிறாள். விளக்கேற்ற எழுந்தபோதுதான் பிள்ளையின் கண்கள் மூடவில்லை என்பதைப் பார்த்தாள். அவை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணின் மேல் தூசி படிந்திருந்தது. பிள்ளை இமைக்கவில்லை.

"லாஸ்யா?"

கழுத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. நெஞ்சைத் தொட்டாள். விரல் அழுந்தவில்லை. தோள், கை, கன்னம். எங்கும் அழுந்தவில்லை. தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கட்டில் முனகியது.

தெருவைத் தாண்டி ஓடி மங்கக்கா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "அக்கா! என் புள்ளைய வந்து பாருக்கா! உன் கால்ல விழுறேன்!"

உள்ளே டிவி சத்தம் குறைந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து மங்கக்காவின் குரல் தணிந்து வந்தது. "இன்னைக்குப் பூ எடுத்தியாமே. குளத்துல நீ பாடினது இங்க வரைக்கும் கேட்டுச்சுடி. உன்கூட அத்தன பேர் பாடினாங்களே, அவங்களப் போய்க் கூப்பிடு."

தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த வீட்டிலும் விழுந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

அவள் திரும்பி வந்தாள். கட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் தடங்கள். ஈரத் துணியால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க இறுகியது. நகத்தால் சுரண்டினாள். நகம் பெயர்ந்தது. தோசைக் கரண்டியால் சுரண்டினாள். தூள் உதிர்ந்தது. தூளுக்கு அடியில் சாம்பல். அதற்கும் அடியில் சாம்பல்.

காதை நெஞ்சில் வைத்தாள்.

தூரத்தில். ஒரு தடித்த சுவருக்கு அந்தப் பக்கம் போல. உள்ளே லாஸ்யா இருமிக்கொண்டிருந்தாள்.

ஸ்வரூபா அம்மிக் குழவியை எடுத்துத் தலைக்கு மேல் ஓங்கினாள். ஓங்கியபடியே நின்றாள். எங்கே அடிப்பது? அந்தக் கண்கள் அவளையே பார்த்தன. உள்ளே இருமல் வேகமெடுத்தது. ஒன்று. அதன் பின்னால் ஒன்று. அம்மா, என்று நடுவில் ஒரு தரம் கேட்டது.