நான்காவது சொல்

மாலை ஆறேகால் வகுப்பில் முதல் வேலை, கழுத்தில் மாட்டும் பொருள்பட்டைகளில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகுதான் நாய்கள். மாநகர எல்லைக்குள் வீட்டில் வாழும் நாய்க்கு நான்கு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்: வா, உட்கார், விடு, இரு. மூன்றாம் தேர்விலும் தவறினால் காப்பகத்து வண்டி வந்துவிடும். அதில் ஏறிய நாய் எதுவும் திரும்பியதில்லை. இன்று இளவேனிலின் நாய் ரவைக்கு மூன்றாம் தேர்வு.

முதல் மூன்று சொற்களும் ரவைக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இரு" என்றால் மட்டும் பாய்ந்து வந்து இளவேனிலின் காலைக் கட்டிக்கொண்டு முனகும். தவறு தன்னுடையதுதான் என்று அவள் நம்பினாள். குரலின் ஏற்ற இறக்கம், கைச்சாடை, நின்ற தூரம் எல்லாவற்றையும் குறித்துவைத்து, ஆறு வாரமாக மாலைக்கு நாற்பது தடவை சொல்லிப் பழக்கியிருந்தாள்.

"இரு."

ரவை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது.

"இதுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. கேக்கணும்னு எண்ணந்தான் இல்ல," என்றார் பயிற்சியாளர் ஜெபமணி.

"நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பேன் மாஸ்டர்."

"எதுக்கும் பட்டையப் போட்டுப் பாத்துடுவோம்மா."

ஒரு சொல்லை நாய் எங்கே கற்றது, எப்படிப் புரிந்துகொண்டது என்று பொருள்பட்டை காட்டிவிடும். கழுத்தில் மாட்டியதும் சிறு திரையில் எழுத்துகள் வந்தன.

சொல்: இரு. முதலில் கேட்டது: ஆவணி ஒன்பது, காலை. சொன்னவர்: இளவேனில். பொருள்: இவர் போய்விடப் போகிறார்.

ஆவணி ஒன்பது. சமையலறைத் தரையில் அப்பா. வீட்டில் அவளும் ரவையும் மட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இருப்பா, இரு, இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா இருக்கவில்லை.

"அப்போ நான் தினமும் நாப்பது தடவ..."

ஜெபமணி குனிந்து திரையைப் படித்தார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது.

"அந்தக் காலை நேரத்த மட்டும் இதோட நெனப்புலேர்ந்து பட்டைய வச்சே அழிச்சிடலாம்மா. அரை நிமிஷ வேலை. இல்லேன்னா வண்டிதான்."

அவள் தலையசைத்தாள்.

பத்து நிமிடத்தில் ரவை தேறிவிட்டது. "இரு" என்றதும் அசையாமல் உட்கார்ந்தது. அவள் மைதானத்தின் மறுகோடிவரை நடந்தபோதும் முனகவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ரவை அவளை முந்திக்கொண்டு ஓடியது. சமையலறை, குளியலறை, அப்பாவின் அறை. ஒவ்வொரு இடமாக மோந்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டே அடுத்ததற்குப் போனது. யாரைத் தேடுகிறது என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபோது வாயில் வேறு சொல் எதுவும் வரவில்லை.

"இரு," என்றாள்.

ரவை அப்பாவின் கட்டிலடியில் சமர்த்தாக உட்கார்ந்து, அவர் வரக் காத்திருந்தது.