எக்கோப் பெட்டி

ஸ்கீவ நகரின் பழைய மிஷன் மண்டபத்துக்குள் லோரன்ஸ் நுழைந்தபோது, வழக்கம்போல ஈர மரமும் ஆறிப்போன கோப்பியும் கலந்த மணம் வந்தது. ஞாயிறு காலையில் டேனிஷ்காரர் ஆராதனை முடித்துப் போனபின், பிற்பகலில் தமிழ்ச் சபைக்கு அதை வாடகைக்கு விடுவார்கள். லோரன்ஸ் அந்தச் சபையின் கிற்றார்காரன். கிழமை நாட்களில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அன்று அவன் கையில், கிற்றார் ஒலியை எதிரொலிக்க வைக்கத் தானே செய்த பெடல் ஒன்று இருந்தது.

கடைப் பெடல்களில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. தபாலில் எடுப்பித்த தீப்பெட்டி அளவு டிஜிற்றல் மொட்யூல் ஒன்றை அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்து வயர்களைப் பற்றவைத்து முடித்திருந்தான். ஒலியை உள்ளே விட்டால் சற்றுப் பிந்தி அதையே திருப்பித் தரும். அடுத்த முறை மெலிதாக, அதற்கடுத்த முறை இன்னும் மெலிதாக. அவ்வளவுதான் அதன் வேலை. கிற்றாருக்கென்றே செய்தது.

ஆனால் பாஸ்டர் அல்பேட் விடுவாரா? எக்கோ இல்லாத மைக் அவருக்கு உப்பில்லாத சோறு.

“தம்பி, இதை மைக்குக்கும் ஒருக்காப் பூட்டுமன்.”

பூட்டினான். அதுதான் பிழை.

யுத்தத்தின் கடைசிக் காலம் அது. 2009 ஏப்ரல். வன்னியில் கடற்கரையோரத் துண்டு நிலமொன்றுக்குள் சனம் அடைபட்டுக் கிடந்தது. சபையில் ஒவ்வொருவராக மைக்குக்கு வந்து, அங்கே அகப்பட்ட தங்கள் உறவின் பெயரை உரக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் அந்தப் பெயருக்காகச் செபிப்பார்கள். இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும்? லோரன்ஸின் தங்கை மெற்றில்டாவும் கணவனும் மூன்று வயது மகனும் அதற்குள்தான் இருந்தார்கள்.

விமலாதேவி முதலில் வந்தார்.

“என்ட மகன், கஜதீபன்.”

கஜதீபன்... கஜதீபன்... என்று பெட்டி திருப்பிச் சொல்லி ஓய்ந்தது.

பிறகு, “ஓம்.”

கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் சொல்லும் அதே ஓம். களைத்துப்போன ஆண் குரல். பின்வரிசையில் யாரோ சொன்னதாகச் சபை நினைத்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற லோரன்ஸுக்கு மட்டும் அது ஸ்பீக்கரில் இருந்து வந்தது தெரிந்தது.

அந்தக் கிழமையே செய்தி வந்தது. கஜதீபன் இறந்துவிட்டான். அந்த ஞாயிறுக்கு முன்னமே இறந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு எத்தனையோ பெயர்கள் சொல்லப்பட்டன, பதில் இல்லை. றொபேர்ட் என்ற பெயருக்கு மட்டும் பதில் வந்தது. றொபேர்ட்டும் போய்விட்டான் என்று பிறகு அறிந்தார்கள். ஏதாவது ரேடியோ உள்ளே நுழைகிறதோ என்று லோரன்ஸ் வயர்களை மாற்றினான். கடைசியில் மொட்யூலையே மாற்றினான்.

புதியதும் பதில் சொன்னது.

கழற்றி எறிந்துவிடுவது என்று தீர்மானித்து, ஒரு நாள் ஆராதனைக்கு வெகுநேரம் முன்பே வந்தான். அங்கே விமலாதேவி தனியே இருந்தார்.

“கழட்டாதேங்கோ தம்பி. ஒருக்கா அவனைக் கூப்பிட விடுங்கோ.”

“அன்ரி, வேண்டாம்.”

“பிள்ளையின்ர குரல் தாய்க்குத் தெரியாதே?”

கூப்பிட்டார். பெயர் தேய்ந்து முடிந்ததும், “ஓம் அம்மா” என்றது ஸ்பீக்கர். விமலாதேவி மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அதைக் கழற்ற லோரன்ஸுக்கு மனம் வரவில்லை. தன் தங்கையின் பெயரையோ அவன் ஒரு ஞாயிறும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் செபிக்கிறேன் என்று பாஸ்டருக்குச் சாட்டுச் சொன்னான்.

மே மாதம், யுத்தம் முடிந்ததென்று டேனிஷ் தொலைக்காட்சி சொன்னது. சொல்லிவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போனது. மெற்றில்டாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. லோரன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. இனிப் பொறுக்க முடியாதென்ற ஒரு நாள், வேலை முடிந்த கையோடு மண்டபத்துக்குப் போனான். வெளியே நல்ல வெயில்.

“மெற்றில்டா.”

மெற்றில்டா... மெற்றில்டா...

காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஒன்றும் வரவில்லை.

நிலத்தில் இருந்து விம்மி விம்மி அழுதான். எவ்வளவு சந்தோஷம். தாய் உயிரோடிருந்தால் பிள்ளை அவள் மடியில்தானே இருக்கும் என்று நினைத்தான். அதன் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு, ஆராதனை தொடங்கும் நேரம், அவனுடைய போன் அடித்தது.

“அண்ணை, நான் மெற்றில்டா.”

அவன் போட்ட சத்தத்தில் சபையே எழும்பிவிட்டது. பாஸ்டர் அவனை மைக் பக்கம் தள்ளினார்.

“மைக்கில பிடியும் தம்பி. ஆண்டவர் செய்ததுக்குச் சாட்சி எல்லே, எல்லாரும் கேக்கட்டும்.”

சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. போனை மைக்கில் பிடித்தான்.

“முகாமுக்கு வந்திட்டன் அண்ணை. அவர் காயப்பட்டு ஆஸ்பத்திரியில.” அவள் குரல் மண்டபமெங்கும் திரும்பித் திரும்பி வந்தது. சபை அல்லேலூயா என்றது. “பிள்ளையைத்தான் சனத்துக்குள்ள தவற விட்டுட்டன். எங்கையோ நிக்கிறான். எல்லாரும் செபியுங்கோ. அவன்ட பேர்...”

லோரன்ஸ் ஒரு கையால் பெட்டியின் வயரைத் தேடினான்.

“ஜெனோஷன்.”

ஜெனோஷன்...

வயரைப் பிடுங்கினான். பெட்டியின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது.



“ஓம் அம்மா.”

ஸ்பீக்கரில் சின்னக் குரல். விமலாதேவி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

 போனில் மெற்றில்டா சிரிக்கவும் அழவும் தொடங்கினாள்.

“அண்ணை, அவன் உங்களோடையே நிக்கிறான்? ஆர் கொண்டுவந்து விட்டது? ஒருக்காக் கதைக்க விடுங்கோ. போனை அவனிட்டக் குடுங்கோ அண்ணை.”

 பிடுங்கிய வயர் லோரன்ஸின் கையில் தொங்கியது. என்ன சொல்வான்? எப்படிச் சொல்வான்? பாஸ்டரைப் பார்த்தான், அவர் பிள்ளையைத் தேடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, குடுங்கோவன்.”

ஸ்பீக்கர் கரகரத்தது.

“அம்மா, நான் மாமாவோட நிக்கிறன்.”